தினம் ஒரு டிக்கெட்

ஷாமளாவின் மூளையில் ஒரு சின்ன ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டபோது கை பிழைத்தது, கால் பிழைத்தது, பேச்சு மட்டும் போய்விட்டது.

போனதிலும் ஓர் அநியாயம் இருந்தது. ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பல வருடங்களாகத் தொலைபேசியில் பேசியே சம்பாதித்தவள் அவள். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசி அவர்களுடைய மூச்சைச் சீராக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் நாற்பத்து மூன்று வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்து விழித்தாள். அதன் பெயர் தெரியாமல் இல்லை. உள்ளே பளிச்சென்று இருந்தது. வாய்க்கு வருவதற்குள் வழியில் எங்கோ தொலைந்துபோனது.

சில நாட்கள் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு ஒரு காலையில், கையில் மருந்து ஏற்றும் இயந்திரம் ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தபோது, அதைத் திரும்பிப் பார்த்து, "சனியனே!" என்றாள். கணீரென்று வந்தது. பக்கத்தில் இருந்த கணவன் தினேஸ்வரன் அழுதுகொண்டே சிரித்தான். என்ன சொன்னாள் என்று நர்ஸ் கேட்டதற்கு, "காலை வணக்கம் சொல்கிறாள்" என்றான்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்தவள் கஜானி, யாழ்ப்பாணத்துப் பெண். "திட்டும் பாட்டும்தான் அக்கா முதல்ல வரும். மற்றச் சொல்லுகளை ஒவ்வொண்டாக் கூப்பிட்டுக் கொண்டு வருவம். அவசரப்படாமல் கதையுங்கோ" என்றாள்.

சொற்கள் வந்தன. ஆனால் தமிழ்தான் முதலில் வந்தது. ஆங்கிலம் பல மாதங்கள் கழித்து, வழி தவறிய விருந்தாளிபோல, தயங்கித் தயங்கி வந்தது. எண்கள் இன்னும் மோசம். ஏழு என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஏழுக்கு வர முடிந்தது. சில நேரம் ஒரு சொல்லைத் தேடினால் அதன் பக்கத்து வீட்டுச் சொல் வந்து நிற்கும். உப்பு கேட்க நினைத்தால் சீனி என்று வரும்.

இதில் மாட்டிக்கொண்டவள் மகள் யஷ்வினி. ஆக்லாந்தில் பிறந்த பிள்ளை. அம்மா தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வளர்ந்தவள். அம்மாவின் ஆங்கிலம் காணாமல் போன அந்த மாதங்களில், அம்மாவோடு பேச வேண்டுமென்றால் தமிழைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டாள். ஒருத்தி இழந்ததைத் தேட, மற்றவள் இல்லாததைத் தேட, அம்மாவும் மகளும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததுபோல ஆனது. "அம்மா, இது என்னா?" என்று யஷ்வினி கரண்டியைக் காட்டுவாள். ஷாமளா கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "தெரியல. நீ சொல்லு" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

சுவிட்சர்லாந்துப் பயணத்துக்கு விதை விழுந்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான். வார்டுத் தொலைக்காட்சியில் யாரும் பேசாத ஒரு நிகழ்ச்சி ஓடும். சுவிட்சர்லாந்தில் ஓடும் ரயிலின் முகப்பில் கேமராவை வைத்து எடுத்தது. மலை வரும், சுரங்கம் வரும், ஏரி வரும், பனி வரும். வர்ணனை கிடையாது, வசனம் கிடையாது. மற்ற நிகழ்ச்சிகளில் சொற்கள் கூட்டமாக வந்து அவளைக் களைக்க வைத்தன. இதை மட்டும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். "நீ எழுந்து நடந்ததும் அந்த ரயிலுக்கே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான் தினேஸ்வரன்.

இரண்டு வருடம் கழித்து அவன் அந்த வாக்கைக் காப்பாற்றப் புறப்பட்டான். செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் இருந்த அவர்களுடைய வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் கூப்பிட்டான்.

"ரயிலுக்கு ரெண்டு வழி இருக்கு. பாஸ் எடுத்தா ரயில், படகு, பஸ் எல்லாமே அடக்கம். ஏறுனோம், இறங்குனோம்னு இருக்கலாம். இன்னொன்னு ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாசத்துக்குச் செல்லும். ஆனா ஒவ்வொரு தடவையும் பாதி வெலைக்கு டிக்கெட் வாங்கிக்கணும். யஷ்ஷுக்கு ரெண்டுலயும் காசு இல்ல, பதினாறு ஆகலல்ல."

"எது சீப்?" என்றாள் யஷ்வினி.

"நாம போற எடங்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்னுதான். அப்புறம் எதுக்குத் தொந்தரவு? பாஸே எடுத்துக்குவோம்." அவன் மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தான். "ஒனக்கும் சுலபம்லா. நீ வாயத் தொறக்கவே வேணாம்."

அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகத் தைத்தது.

"கார்டு" என்றாள் ஷாமளா.

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டான் தினேஸ்வரன். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னான். காது கேட்காதவருக்கும் குழந்தைக்கும் சொல்வதுபோல. ஷாமளாவுக்குப் புரியாதது என்று எதுவும் இருந்ததில்லை. பாஸ் என்ன, கார்டு என்ன, எது எத்தனை நாள், எதில் எந்த மலை ரயில் அடக்கமில்லை என்பதுவரை அவன் தூங்கிய பிறகு எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள். அவளிடம் இல்லாதது வேறு. ஏன் என்று கேட்டால் சொல்லக்கூடிய அந்த நீளமான வாக்கியம்.

"ஏம்மா கார்டு?" என்றான் அவன்.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. "கார்டு" என்று மறுபடி சொல்லிவிட்டு எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரங்களையே இன்னொரு முறை சத்தம் கேட்கக் கழுவினாள்.

அந்த வாரம் பயிற்சிக்குப் போனபோது கஜானி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "என்ன அக்கா, இண்டைக்கு ஒரு மாதிரி இருக்கிறியள்?" ஷாமளா துண்டு துண்டாக எடுத்துப் போட, கஜானி ஒன்றையும் தானாக ஒட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "ஓம், எனக்கு விளங்குது. ஆனா அதைத் தினேஸ் அண்ணாவிட்ட நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள். "சொல் வராட்டி முன்கதவிலயே நிண்டு தட்டிக்கொண்டிராதேங்கோ. பின்பக்கத்தால சுத்திப் போங்கோ. அந்தச் சாமான் என்ன செய்யும், எப்பிடி இருக்கும் எண்டு கதையுங்கோ. ஆக்கள் பிடிச்சிடுவினம்."

அன்று மாலை சாப்பிட்டு முடித்த பிறகு ஷாமளா கணவனின் மடிக்கணினியை மூடினாள். அவன் நிமிர்ந்தான்.

"டிக்கெட்," என்றாள். "நான்… கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"கவுண்டர்ல. தினம். நான் போயி… நான் கேக்கணும். பாஸ்னா… பேச வேணாம். கார்டுன்னா…" கையை உதட்டிலிருந்து வெளியே எடுத்து வீசிக் காட்டினாள். "பேசணும்."

போன வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நடந்தது தினேஸ்வரனுக்கு நினைவு வந்திருக்கும். அன்று அவள் தனியாகப் போயிருந்தாள். கல்லாவில் இருந்த இளைஞன், வார்த்தை குழறுவதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்து காவலாளியைக் கூப்பிட்டுவிட்டான். வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பால் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு பல வாரங்கள் வாசலைத் தாண்டவில்லை.

"ஏம்மா அந்தக் கஷ்டம்?" என்றான் மெதுவாக. "நான் இருக்கேன்ல."

"கஷ்டம்… என்னுது."

"அங்க ஜெர்மன் பேசுவாங்க. இங்கிலீஷே அவங்களுக்குத் தட்டித் தடவித்தான் வரும்."

ஷாமளாவின் முகம் மலர்ந்தது. "நல்லது," என்றாள். "எனக்கும் அப்டித்தான்."

முதலில் சிரித்தவள் யஷ்வினி. "ஆனா அம்மா, ஆப்லகூட வாங்கலாம்" என்று ஆரம்பித்தவள், அம்மா பார்த்த பார்வையில் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "ஓகே, ஓகே! ஆப் வேணாம்."

அந்தக் கார்டையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கியிருக்கலாம். ஷாமளா ஒத்துக்கொள்ளவில்லை. அதைக் கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும், தான்தான் வாங்க வேண்டும். சனிக்கிழமை மூன்று பேரும் ரயிலேறி நகர மையத்துக்குப் போனார்கள். வழி முழுவதும் ஜன்னலைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். தினேஸ்வரன் ஒரு முறை, "நான் வேணா மொதல்ல சொல்லி…" என்று தொடங்கி, தானாகவே நிறுத்திக்கொண்டான்.

அது மாடியில் இருந்த சிறிய பயண அலுவலகம். கவுண்டரில் சிவந்த முடியுள்ள ஓர் இளம்பெண் இருந்தாள். மூன்று பேரையும் வரவேற்றுவிட்டு, வழக்கம்போல, ஆணைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டாள். தினேஸ்வரன் ஷாமளாவைக் காட்டினான். பிறகு சுவரில் தொங்கிய கப்பல் படத்தில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல அதையே பார்க்க ஆரம்பித்தான்.

ஷாமளா நாற்காலியில் உட்கார்ந்தாள். கஜானியோடு பழகிய வரியை முதலில் சொன்னாள். "எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச நேரம் ஆகும்." ஆங்கிலத்தில் அது முழுதாக வந்தது.

"எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் அந்தப் பெண். கண்ணில் பரிதாபம் இல்லை. அது போதுமாக இருந்தது.

"சுவிட்சர்லாந்து. ரயில். ஒரு மாசம்." எல்லாம் வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ரயிலில் நூறு முறை சொல்லிப் பார்த்த சொல். "எங்களுக்கு வேண்டியது," என்றாள், "பாஸ்."

பெண் தலையாட்டிவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். எத்தனை நாள் பாஸ் என்று கேட்டாள்.

ஷாமளாவுக்குக் காது அடைத்தது. தன் வாயிலிருந்து வந்ததுதானா அது? பக்கத்து வீட்டுச் சொல்! நாட்டில் இருக்கும் அத்தனை சொற்களையும் விட்டுவிட்டு, எதை வேண்டாம் என்று ஒரு வாரம் சண்டை போட்டாளோ அதே சொல். "நோ," என்றாள். "நோ. பாஸ்." தலையை உதறினாள். "பாஸ் வந்து… பாஸ்…" கீறல் விழுந்த இசைத்தட்டுபோல அது அங்கேயே சுற்றியது.

பின்னால் ஒரு தம்பதி வந்து காத்திருந்தார்கள். யஷ்வினியின் வாய் திறந்தது. அதே நொடியில் தினேஸ்வரன் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஷாமளா அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், அவனால் முடித்துவிட முடியும். கவுண்டர் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினாலும் போதும், அவன் ஆசைப்பட்ட பாஸே கிடைத்துவிடும். அவன் இரண்டையும் செய்யவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கப்பல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த இரண்டு வருடத்தில் அவன் அவளுக்காகச் செய்ததிலேயே அதுதான் கடினமான காரியமாக இருந்திருக்கும்.

ஷாமளா மூச்சை இழுத்து விட்டாள். முன்கதவு பூட்டியிருக்கிறது, சரி.

"பாஸ் இல்லை," என்றாள் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "தினமும்… நான் போகிறேன். ஸ்டேஷன். நான் கேட்கிறேன். நான் காசு கொடுக்கிறேன்." உள்ளங்கையை மேசையின் மேல் நிறுத்திக் கத்திபோல வெட்டினாள். "பாதி."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. "ஓ! ஹாஃப் ஃபேர் கார்ட்!"

"ஹாஃப்!" என்றாள் ஷாமளா. "ஹாஃப் ஃபேர் கார்ட். அதுதான். அதேதான்."

பெண் திரையை மாற்றிக்கொண்டே, நல்லெண்ணத்தோடு ஒன்று சொன்னாள். "நிச்சயமாகத்தானே? பாஸ் இருந்தால் சுலபம். நீங்கள் யாரிடமும் பேச வேண்டிய அவசியமே இருக்காது."

"எனக்குப் பேசப் பிடிக்கும்" என்றாள் ஷாமளா.

தடங்கலே இல்லாமல் வந்தது அது. தொலைபேசியில் அழுகிறவர்களைச் சமாதானப்படுத்திய அந்தப் பழைய குரலில் வந்தது. சொன்ன அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள், யார் சொன்னது என்று. கவுண்டர் பெண் சிரித்தாள். பின்னால் காத்திருந்த அம்மாளும் சிரித்தாள்.

மகளுக்கு என்ன வயது என்று கேட்டாள் பெண், குடும்பக் கார்டில் இலவசமாகச் சேர்ப்பதற்கு.

எண். ஷாமளா மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தமிழில் தனக்குள் ஏற ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. ஒன்று, நடை பழகியது. இரண்டு, மூன்று. ஐந்து, பள்ளிக்கூடச் சீருடை. ஒன்பது, உடைந்த கை. பத்து, பதினொன்று. பன்னிரண்டில் நின்றுவிட்டாள். அந்த வயதில்தான் இந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, இது… தண்ணி?" என்று தனக்குப் பேசத் தெரியாத பாஷையில் கேட்டாள். அந்தப் படியைத் தாண்டக் கொஞ்ச நேரம் ஆனது. பதின்மூன்று. பதினான்கு.

"ஃபோர்ட்டீன்" என்றாள் கவுண்டரைப் பார்த்து. அது சரியான எண்தான் என்பது மகள் முகத்திலேயே தெரிந்தது.

கார்டுகளுக்கான தாள்களை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது தினேஸ்வரன் இரண்டு முறை மூக்கைச் சிந்தினான். குளிர் என்றான். அந்த ஊரில் ஆகஸ்ட் குளிர்காலம், குளிராமல் என்ன. பிறகு அங்கேயே, பஸ்களும் மனிதர்களும் போய்க்கொண்டிருந்த நடைபாதையிலேயே, மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் தன் அக்காவுக்கு போன் போட்டான். அங்கே இன்னும் விடிந்திருக்கக்கூட இல்லை. "அக்கா, எழுப்பிட்டேனா? ஒன்னும் இல்ல, நல்ல விஷயம்தான். ஷாமளா ரயில் கார்டு வாங்குனாக்கா! அவளே பேசி. ஆமா, இங்கிலீஷ்ல! நான் வாயே தொறக்கலக்கா, சத்தியமா!" அவன் போட்ட சத்தத்தில் இரண்டு மாணவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "அப்பா, வால்யூம்" என்றாள் யஷ்வினி. ஆனால் அவளும் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு, தன்னைவிட உயரமான ஒருத்தியோடு நடப்பதுபோல நடந்தாள்.

செப்டம்பரில் போனார்கள். தினமும் காலையில் ஷாமளா முன்னால் நடப்பாள். தினேஸ்வரனும் மகளும் நாலடி தள்ளி நிற்பார்கள். பெரும்பாலான நாட்களில் கேட்டது கேட்டபடி கிடைத்தது. கவுண்டரில் இருந்தவர்களும் சொல் தேடினார்கள், அவளும் தேடினாள். இரண்டு பக்கமும் தேடினால் நடுவில் எங்கேயாவது சந்தித்துவிட முடிகிறது என்று கண்டுகொண்டாள்.

திரும்பி வந்த சில நாட்களில் தீபாவளி. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மலேசியக் குடும்பங்கள் எல்லாம் ஆளுக்கொரு பாத்திரத்தோடு கூடியிருந்தார்கள். ஷாமளா போன இரண்டு தீபாவளிக்கும் வரவில்லை. இந்த முறை வந்தாள், கத்தரிப்பூ நிறப் புடவையில். பழைய சிநேகிதர்கள் ராஜூவும் எலிசபெத்தும் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மேசைக்கு வந்தார்கள்.

"சுவிஸ் எப்டி இருந்துச்சு?" என்று எலிசபெத் கேட்டாள். கேட்டது ஷாமளாவைப் பார்த்து. பிறகு என்ன நினைத்தாளோ, கண்ணைத் தினேஸ்வரன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

தினேஸ்வரன் இதற்காகவே காத்திருந்தவன். "அத ஏன் கேக்கறீங்க! ஒரு நாளு இவ ஒரு ஊருக்கு டிக்கெட் கேக்கப் போயி…"

ஷாமளா அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். "நான் சொல்றேன்."

அவன் நிறுத்தினான்.

"நாங்க போக வேண்டியது… ஏரி. ஏரி ஊரு. ப்ரியன்ஸ்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். "நான் கேட்டது… ப்ரிக்."

"வேற ஊரா?" என்றார் ராஜூ.

"வேற ஊரு. மலைக்கு… அந்தப் பக்கம். இவருக்குத் தெரியும். யஷ்ஷுக்கும் தெரியும். ரெண்டு பேரும்…" உதட்டை விரலால் பூட்டிக் காட்டினாள். மேசை சிரித்தது. "எனக்கு ரயில்லதான் தெரியும். ஏரிய… காணோம்! சுரங்கம் வருது. வருது. வந்துகிட்டே இருக்கு."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. இரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஷாமளா அடுத்த சொல்லைத் தேடி மேலே பார்த்தாள். அது வரவில்லை. எலிசபெத் காத்திருந்தாள். ராஜூ கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அங்க எறங்குனா," என்றாள் ஷாமளா, "ஒரு… தங்கம்… வெங்காயம்… வெங்காயம் மாதிரி தங்கக் கோபுரம். பெரிய வீடு. ராஜா வீடு மாதிரி. முன்னால பேண்டு வாசிக்கிறாங்க. ஊரே ஆடுது. இவர…" கணவனைச் சுட்டினாள். "இவரப் பிடிச்சு இழுத்துட்டாங்க ஆட."

"தினேஷ் ஆடுனாரா!" என்று கூவினாள் எலிசபெத்.

"அத இன்னும் சொல்லல," என்றாள் ஷாமளா. "இரு."

தினேஸ்வரன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தான் நடுவில் நின்று ஆடிய கதையை முதல்முறை கேட்கிறவன்போல, வாய் கொள்ளாத சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.